உங்க அப்பாகிட்ட சொல்லு

அருளு,

நானும் உன் அம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் ‘ம்’ என்று ஒற்றை எழுத்தில்தான் பதில் வரும், அதனால் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை போனில் கத்தியதற்கு முதலில் மன்னித்துக்கொள். சனிக்கிழமை கவுன்சிலிங்குக்கு வரப்போவதில்லை, கவுன்சிலிங் பண்ணுகிற அந்த அம்மா எழுதச் சொன்ன நோட்டையும் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன் என்று நீ சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். இருபத்தெட்டு வருஷம் திண்டிவனம் விழுப்புரம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றுகொண்டே கத்தியவன், உட்கார்ந்து மெதுவாகப் பேச எங்கே கற்றுக்கொண்டேன்? அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது குரல் ஏறாது, நீயும் பாதியில் எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு போக முடியாது.

செவ்வாயிலிருந்து இன்று வியாழன் வரை நான் மூன்று முறை அந்த மெடிக்கல் ஷாப் பக்கம் போய் வந்துவிட்டேன். அதன் மாடியில்தானே கவுன்சிலிங். கதவு பூட்டித்தான் இருந்தது. சனிக்கிழமைதான் திறப்பார்கள் என்று தெரியும், தெரிந்தேதான் போனேன். கடைக்காரர் என்ன மாத்திரை வேண்டும் என்று கேட்டார், அசடு வழிந்துவிட்டு ஒரு பட்டை இருமல் மிட்டாய் வாங்கி வந்தேன். நீ விழுப்புரத்திலிருந்து எந்தெந்த பஸ்ஸில் ஏறினால் பதினோரு மணிக்குள் வந்து சேரலாம் என்று பழைய டிரைவர்களிடம் கேட்டு வைத்திருக்கிறேன். உன் அம்மா என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், ஆனால் அவளும் சாப்பாட்டில் இரண்டு நாளாக உப்புப் போட மறக்கிறாள். விஷயம் இதுதான். சனிக்கிழமை நீ கட்டாயம் வருவாய் என்று உன் பெண்டாட்டி நிர்மலா நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீ வரமாட்டேன் என்றது அவளுக்குத் தெரியாது. அந்த நினைப்பு அவளுக்கு எப்படி வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதில் என் தப்பும் இருக்கிறது. இப்போதே சொன்னால் நீ மீதியைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுவாய்.

மூன்று மாதத்துக்கு முன் நிர்மலா குழந்தை ஜெனியைக் கூட்டிக்கொண்டு இங்கே திண்டிவனத்தில் அவள் அம்மா வீட்டுக்கு வந்தபோது, நாலு நாளில் கோபம் ஆறித் திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் நானும் எல்லாரையும் போல நினைத்தேன். குழந்தையை இங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோதுதான் இது ஆறுகிற கோபம் இல்லை என்று புரிந்தது. கவுன்சிலிங் என்று அவள் சொன்னபோது நான் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். புருஷன் பெண்டாட்டி சேர்ந்து வாழ யாராவது டியூஷன் வைப்பார்களா என்று உன் அம்மாவிடம் கேட்டேன். அந்தக் கவுன்சிலிங் அம்மா, பெரியவர்களும் ஒரு முறை வரட்டும் என்று எங்களைக் கூப்பிட்டபோது சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தேன், நியாயம் சொல்கிற எண்ணத்தோடு. நிர்மலாவிடம் இருக்கிற குறைகளை நாலைந்து மனதில் அடுக்கியும் வைத்திருந்தேன். மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு முட்டி போட்டால் நம் பாவத்தைத்தான் சொல்ல வேண்டும். மனுஷனுக்கு அங்கேயே எதிராளியின் பாவம்தான் முதலில் வாயில் வருகிறது, மாடியில் கேட்கவா வேண்டும்.

அந்த அம்மா என்னைப் பேசவே விடவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கும், ஒரு தாளில் வட்டமாக அம்புக்குறி போட்டார். “நிர்மலா கேக்கறாங்க, அருள் எழுந்து போறாரு. அவர் போறதால இவங்க இன்னும் சத்தமா கேக்கறாங்க. சத்தம் ஏறுதேன்னு அவர் இன்னும் தூரமா போறாரு. இதுல யாரு மேல தப்புன்னு நான் தேடலைங்க. இந்தச் சுத்து எந்த இடத்துல நிக்கும்னுதான் தேடறேன்,” என்றார். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு வந்தால் எழுந்து போவது உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அம்மாவும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்புறம் அந்த நோட்டு. தினமும் கால் மணி நேரம் போனில் நேராகப் பேச வேண்டும், அன்றைக்கு மற்றவர் செய்ததில் பிடித்தது ஒன்றை எழுத வேண்டும். கண்ணால் பார்த்ததாகவோ காதால் கேட்டதாகவோ இருக்க வேண்டும், ‘நல்லவள்’ என்றெல்லாம் எழுதக்கூடாது. நீ முதல் வாரம் நாலு நாள் ‘இன்று சண்டை போடவில்லை’ என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறாய். செய்யாததை எழுதக்கூடாது, செய்ததை எழுதுங்கள் என்று அவர் திருப்பிக் கொடுத்தாராம். அதைக் கேட்டு நான் சிரித்தேன், என் பிள்ளை அல்லவா. ஆனால் மூன்றாவது முறை மாடியில் நிர்மலாவின் நோட்டைப் படித்தபோது உனக்கு ரோஷம் வந்துவிட்டது. ‘நான் பேசி முடிக்கும் வரை போனை வைக்கவில்லை’ என்று அவள் எழுதியிருந்தாள். எட்டு வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு இதுதான் மெடலா, ஸ்கூல் பையனுக்கு மார்க் போடற மாதிரி போடறா என்று என்னிடம் பொருமினாய். அன்றிலிருந்து போன் பண்ணுவதை நிறுத்திவிட்டாய். என்ன சொல்வதானாலும் ஞாயிற்றுக்கிழமை நான் ஜெனியை அழைத்து வரும்போது அவளிடம் சொல்லி அனுப்புகிறாய். நிர்மலாவும் அப்படியே செய்கிறாள். “அம்மாகிட்ட சொல்லு”, “அப்பாகிட்ட சொல்லு” என்று இரண்டு வாசலிலும் என் காதில் விழுகிறது. அது எனக்குப் பழக்கமான குரல். எங்கள் இரண்டு பேருடைய குரல்.

உனக்கு இது எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் பயந்தேன். நீ மூன்றாவது படிக்கும்போது கண்டாச்சிபுரத்தில் உன் மாமா கல்யாணம். பத்திரிகையில் மூத்த மாப்பிள்ளையான என் பெயரை இளைய மாப்பிள்ளை பெயருக்குக் கீழே போட்டுவிட்டார்கள். அச்சாபீஸ்காரன் செய்த தப்பாகக்கூட இருக்கலாம். லீவு கிடைக்கவில்லை என்று உன் அம்மாவிடம் சொன்னேன். உண்மையில் நான் லீவே கேட்கவில்லை. அவள் உன்னை மட்டும் அழைத்துக்கொண்டு போய், வந்தவர்கள் எல்லாரும் உன் புருஷன் எங்கே என்று கேட்டதற்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் நொந்து திரும்பினாள். வந்த வேகத்தில் அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாதவன் செய்வதை நானும் செய்தேன். இனிமேல் என்னிடம் பேசாதே என்றேன். அவள் அந்த ஒரு வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டாள். இரண்டரை வருஷம்.

அந்த இரண்டரை வருஷமும் வீட்டில் சோறு வெந்தது, துணி காய்ந்தது, ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பூசை கண்டோம், நடுவில் நீ. பஸ்ஸில் முன் பின் தெரியாத ஜனங்களிடம் நாள் பூராவும் “உள்ள போங்க, உள்ள போங்க” என்று தொண்டை வற்றக் கத்திவிட்டு வந்து, ஆறடி தூரத்தில் அடுப்படியில் நிற்கிறவளுக்குத் தண்ணீர் வேண்டும் என்று உன்னிடம் சொல்லி அனுப்பினேன். அவளும் உன்னிடமே பதில் கொடுத்தாள். நான் சொன்னது அவள் காதில் விழும், அவள் சொன்னது என் காதிலும் விழும், சமையலறை ஃபேன் ஓடாத வரைக்கும். ஃபேன் ஓடினால் நீ சொல்வதுதான் சேதி. நீ ஓடி ஓடி வந்தாய், சமர்த்து என்று நாங்கள் இரண்டு பேரும் உன் கன்னத்தைத் தட்டினோம். எது செய்தால் குழந்தையைத் தட்டிக் கொடுக்கிறோமோ அதையே அது திரும்பத் திரும்பச் செய்யும் என்று அந்த அம்மா மாடியில் சொன்னபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. உன்னை அந்த வேலைக்குப் பழக்கியது நாங்கள்தான்.

அது எப்படி முடிந்தது என்று உனக்குத் தெரியாது, நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாய். யாரும் சமாதானம் பண்ணி வைக்கவில்லை. எனக்கு அன்றைக்கு வார லீவு. அடுப்பில் பால் பொங்கி வந்தது, உன் அம்மா திரும்பி நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சொல்லி அனுப்ப நீ இல்லை. “பால்,” என்றேன். “பாத்தேன்,” என்றாள். அவ்வளவுதான். நீ வீட்டில் இருந்திருந்தால் அந்த ஒரு வார்த்தையைக்கூட உன்னிடம்தான் கொடுத்திருப்பேன், இன்னும் எத்தனை வருஷம் போயிருக்குமோ.

இனி சொல்லப்போவதை நீ கொஞ்சம் பொறுமையாகப் படி. மாடிக்குப் போய் வந்த பிறகு நானும் உன் அம்மாவும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். யாரிடமும் சொல்லிவிடாதே, ஏற்கனவே உன் சித்தப்பா என்னைக் கிண்டல் பண்ணக் காத்திருக்கிறார். முதல் நாள் நான் ‘காபி போட்டாள்’ என்று எழுதினேன். தினம் போடறதுதானே, இதுல என்ன அதிசயம் என்றாள். அவள் எழுதியதைப் பார்த்தால் ‘மின்சார பில் கட்டினார்’ என்று இருந்தது. இரண்டு பேருக்கும் சிரிப்பு. சரி, புதுசு வரவில்லை, பழசை எழுதலாம் என்று முடிவு செய்தோம். நான் யோசிக்கவே இல்லை, கை தானாக எழுதியது. நாங்கள் பேசாமல் இருந்த அந்த நாட்களில் ஒரு மத்தியான டூட்டிக்குக் கிளம்பினேன், வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நீ ஓடி வந்து, மழை வரும், அப்பாவைக் குடை எடுத்துக்கினு போகச் சொன்னாங்க அம்மா என்றாய். பேச்சு இல்லாவிட்டாலும் என்மேல் அவளுக்கு இவ்வளவு இருக்கிறதே என்று அன்றைக்கு விக்கிரவாண்டி வரைக்கும் நினைத்துக்கொண்டே போனேன். அதை எழுதிக் காட்டினேன்.

உன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள். “நான் எப்பய்யா குடை எடுத்துக்கினு போகச் சொன்னேன்? நனைஞ்சா நனையட்டும், அப்பத்தான் புத்தி வரும்னு சொன்னேன்,” என்றாள். பிறகு அவள் பக்கத்தைக் காட்டினாள். ‘அந்தச் சமயத்திலும் எனக்கென்று தனியாக மல்லாட்டை வாங்கி அனுப்பினார்’ என்று எழுதியிருந்தாள். விக்கிரவாண்டியில் ஜன்னலோரம் விற்பார்களே, வேகவைத்த வேர்க்கடலை. நான் உனக்குத்தான் வாங்குவேன், உனக்கு மட்டும்தான். நீ அதில் பாதியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், இது உனக்குன்னு அப்பா வாங்கிக்கினு வந்தாரு என்று கொடுத்திருக்கிறாய். ஒரு நாள் இல்லை, பல நாள். இருபத்தைந்து வருஷமாக அவள் அதை மனதில் வைத்திருக்கிறாள். நான் அனுப்பவில்லை என்று சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் அந்த நோட்டில் பொய் எழுதுவது தப்பென்று தோன்றியது, சொல்லிவிட்டேன். அவள் நோட்டை மூடினாள். பிறகு, “அப்ப அந்தப் புள்ள எவ்ளோ பாடு பட்டுக்கினு இருந்திருக்கும்,” என்று மட்டும் சொன்னாள். எட்டு வயதில் நீ எங்கள் இரண்டு பேரையும் உன் பொய்யால் ஒட்டி வைத்திருந்தாய், நாங்கள் உன்னைச் சமர்த்து என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இதற்கு நான் உன்னிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்கிறேன்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். காலையில் நிர்மலா வாசலில் நின்று ஜெனியிடம் உனக்கு ஒரு சேதி சொன்னாள். உன் வீட்டில் ஜெனி உன்னிடம் சொன்னது, “அம்மா சனிக்கிழமை உனக்காக வெயிட் பண்ணுவாங்களாம்ப்பா.” உன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். நிர்மலா சொல்லி அனுப்பியது அது இல்லை, அருளு. என்ன சொன்னாள் என்று நான் எழுதப்போவதில்லை, எழுதினால் நானும் தூது போனவனாவேன். நீயே அவளைக் கேட்டுக்கொள். முகம் மலர்ந்தும் ரோஷம் விடாமல், சாயங்காலம் கிளம்பும்போது நீ ஜெனியிடம், “சனிக்கிழமை டவுட்டுதான், பாக்கலாம்னு உங்க அம்மாகிட்ட சொல்லு,” என்றாய். பஸ் கூட்டேரிப்பட்டு தாண்டும்போது பார்த்தேன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் சொல்கிறாளாக்கும் என்று நினைத்துக் குனிந்து கேட்டேன். ஒரே வாக்கியத்தை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.  ஆறு வயதுப் பிள்ளை, ஒத்திகை பார்க்கிறாள்.

வீட்டு வாசலில் நிர்மலாவிடம் அவள் சொன்னது இது. “அப்பா சனிக்கிழமை கட்டாயம் வர்றாங்களாம். பச்சைச் சட்டை போட்டுக்கினு வர்றாங்களாம்.” நிர்மலா என்னைப் பார்த்து, “அப்படியா மாமா?” என்று கேட்டாள். ஜெனி என் விரலைப் பிடித்திருந்தாள், அந்தப் பிடி இறுகியது. நான் ஆமாம்மா என்று சொல்லிவிட்டேன். இதுதான் நான் கடைசியில் சொல்கிறேன் என்ற தப்பு. அறுபத்து நாலு வயதில் ஒரு குழந்தையின் பொய்க்குச் சாட்சி சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். நீ வராமல் போனால் அந்த மாடிப்படியில் பதினோரு மணிக்கு நிர்மலா மட்டும் ஏமாறுவதில்லை. தான் சரியாகச் சொல்லவில்லை, இன்னும் கொஞ்சம் நன்றாகச் சொல்லியிருந்தால் அப்பா வந்திருப்பார் என்று ஜெனி நினைத்துக்கொள்வாள். நீ அப்படித்தானே நினைத்திருப்பாய் அந்த வயதில்?

கவுன்சிலிங்குக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் உனக்குச் சொல்ல முடியாது. எனக்குத் தெரியாது. நிர்மலா போதும் என்று சொன்னாலும் சொல்லலாம். ஆனால் ‘பேசி முடிக்கும் வரை போனை வைக்கவில்லை’ என்று எழுதியிருந்தாளே, அதை நீ மார்க் என்று நினைத்தாய். இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு நாங்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதியதில் இரண்டு உன் கற்பனை. அவள் உன்னைப் பற்றி எழுதிய அந்த ஒரு வரி நீயே செய்தது, அவளே காதால் கேட்டது. நடுவில் யாரும் இல்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு வரி எனக்குக் கிடைத்திருந்தால் நான் அதைப் பரணில் போட்டிருக்கமாட்டேன்.

நாளைக் காலை நிர்மலா வீட்டுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை நான் ஆமாம் என்று சொன்னது பொய், ஜெனியைக் கோபித்துக்கொள்ளாதே என்று சொல்லப்போகிறேன். நீ என்ன சொன்னாய் என்று சொல்லமாட்டேன். வருகிறாயா இல்லையா என்பதை அவள் உன் வாயால்தான் கேட்க வேண்டும். வராவிட்டாலும் நீயே போன் பண்ணிச் சொல், அதற்கும் ஒரு தைரியம் வேண்டும். இந்தக் கடிதத்தைக் கவரில் போட்டு, நாளைக்கு ஜெனியையும் கூட்டிக்கொண்டு போய் அவள் கையால் கொடுக்க வைக்கலாம் என்று உன் அம்மா எடுத்தாள். சொல்லி முடிக்கும் முன்னாலேயே அவளுக்குக் கை நின்றுவிட்டது. நாளைச் சாயங்காலம் நானே பஸ் ஏறி வந்து உன் கையில் தருவேன். தந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன், பயப்படாதே, கத்தமாட்டேன்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இது என் மனதை விட்டுப் போகவில்லை. உன்னிடம் பச்சைச் சட்டையே கிடையாது, அருளு. எட்டு வருஷம் உன் துணியை மடித்து பீரோவில் அடுக்கியவளுக்கு அது தெரியாதா? சட்டை ஜெனியின் கற்பனை என்று தெரிந்தும், நீ வருவதாவது நிஜமா என்றுதான் என்னிடம் கேட்டாள். நான் ஆமாம் என்றதும், முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்பா